நாலு மணி அறை

கூத்தன்கண்மாய் ஊரணிச் சங்கத்தின் காணொளிக் கூட்டத்துக்காக லிங்க்கைத் தொட்டவர்கள், தொட்ட இடத்திலிருந்து மறைந்து, ஒரு நீளமான மர பெஞ்சில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கத் தொடங்கியது ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு. அன்றைக்கு வானத்தில் ஒரு குறியும் இல்லை, கோயிலில் ஒரு சகுனமும் இல்லை, வழக்கம்போலக் கரண்ட் போய் வந்தது, வழக்கம்போல மீன்காரர் மூன்று மணிக்கே வந்து திரும்பிப் போயிருந்தார். முதலில் போய் உட்கார்ந்தது சங்கத் தலைவர் சாத்தையாவின் மனைவி குருவம்மாள். மடியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகு, கையில் போன். அடுத்த நொடியில் அவளுக்குப் பக்கத்தில், மணிக்கட்டு வரை மாவு ஒட்டிய கையோடு, இடுப்பில் துண்டு கட்டிய ஒருவன் வந்து உட்கார்ந்தான். அது ஜொகூரில் ஓர் உணவகத்தில் பரோட்டா போடும் அவள் மகன் மலைராஜ். முழங்கையால் லிங்க்கைத் தொட்டிருந்தான். நாலு வருஷமாக அவனை நேரில் பார்த்திராத குருவம்மாள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏண்டா, கூட்டத்துக்கு வாரவன் கையக் கழுவிட்டு வரக்கூடாதா?" என்றாள்.

அப்படி ஒன்பது நிமிஷம். பிறகு கூட்டம் தொடங்கியது, அவரவர் இருந்த இடத்தில் அவரவர் இருந்தார்கள், முகங்கள் போனில் சின்னச் சின்னக் கட்டங்களாக நின்றன, ஊரணிக் கரையில் முளைத்த கருவேலத்தை யார் வெட்டுவது என்ற பேச்சு போன வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. குருவம்மாள் மட்டும் புடவையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டாமல் விட்டிருந்தாள்.

கூட்டத்தைத் தொடங்கி நடத்துகிறவள் காளீஸ்வரி. அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதற்காகத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழை அவள் அம்மா இருளாயி பிளாஸ்டிக் உறை போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். காளீஸ்வரி எதையும் மூன்று முறை சரிபார்ப்பவள், அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள், எந்தப் பொத்தானையும் அழுத்துவதற்கு முன் விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொள்கிறவள். சங்க உறுப்பினர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். வெள்ளிக்கிழமையில் வளைகுடாக்காரர்களுக்கு ஓய்வு உண்டு என்பதால் அன்றைக்கே கூட்டம் வைத்தார்கள். ஆடி இரண்டாம் வெள்ளிக்கு முந்தின வாரம் எவனோ ஒரு வெளியாள் லிங்க்கைப் பிடித்து உள்ளே நுழைந்து ஆட்டப் பாட்டு ஒன்றை அலறவிட, அதற்குப் பயந்துதான் அவள் 'காத்திருப்பு அறை' என்ற அமைப்பை ஆப்பில் இயக்கி வைத்தாள். லிங்க்கைத் தொடுகிறவர்கள் நேரே உள்ளே வரமாட்டார்கள், காத்திருப்பார்கள், ஹோஸ்ட் பெயரைச் சரிபார்த்து அனுமதித்தால்தான் நுழைய முடியும் என்று அதில் எழுதியிருந்தது. எங்கே காத்திருப்பார்கள் என்று எழுதியிருக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஊர் தயாராக இருந்தது. கையில் எதைப் பிடித்திருக்கிறோமோ அது கூடவே வரும் என்று மலைராஜின் மாவிலிருந்து தெரிந்துகொண்டவர்கள், ஒரு கையில் போனும் இன்னொரு கையில் தூக்குவாளியுமாக மூன்று ஐம்பத்தைந்துக்கே அவரவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கருவாட்டுக் குழம்பு குவைத்துக்குப் போனது, முறுக்கு மஸ்கட்டுக்குப் போனது, பேரீச்சம்பழமும் தலைவலித் தைலமும் ஊருக்கு வந்தன. ஒருத்தி கையில் பிடித்திருந்த ஆட்டுக்கயிற்றை மறந்துபோய் லிங்க்கைத் தொட, ஆடும் வந்து, யாரோ போன வாரம் மாட்டிவிட்டுப் போன தினசரி காலண்டரில் ஆவணி மாதத்தை முழுசாகத் தின்றது. அதற்குப் போன் இல்லாததால் திரும்பிப் போக வழியில்லாமல் அடுத்த வெள்ளி வரை அங்கேயே கிடந்து, பெஞ்சுக்கு அடியில் இரண்டு குட்டி போட்டிருந்தது. கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை லிங்க் வாங்கி வந்து, டேப் பிடித்து அளந்து, பதினாலுக்குப் பதினெட்டு அடி, எந்த சர்வே நம்பரிலும் வராது என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் லிங்க் அனுப்பச் சொன்னார். மேலத்தெருவில் ஒரு பெண் பார்க்கும் சடங்கே அந்த பெஞ்சில் முடிந்தது. மாப்பிள்ளை தோகாவிலிருந்து வந்தவன், பெண் காபியோடு போனவள், அனுமதி சீக்கிரம் வந்துவிட்டதால் டம்ளர் அவனோடு தோகாவுக்குப் போய்விட்டது, டம்ளர் போனபின் பேச்சு மாற முடியாது என்று நிச்சயம் பண்ணிவிட்டார்கள்.

அந்த அறை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைத்தான் கேட்டார்கள். 'வெளியேறு' பொத்தானை அழுத்திப் பார்த்தவர்களுக்குப் போன் ஒருமுறை அதிர்ந்ததே தவிர ஆள் நகரவில்லை. ஹோஸ்ட் அனுமதித்தால்தான் வழி. அதில் ஒருவருக்கும் கவலை இல்லை. கவலை எல்லாம் அவள் சீக்கிரம் அனுமதித்துவிடுகிறாளே என்பதுதான்.

"ஏத்தா காளீசு, நாலு மணின்னா நாலு மணிக்கேவா தெறக்கணும்?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்பாள்.

"கூட்டம் நாலு மணிக்குத்தான அக்கா?"

"கூட்டத்துல என்னத்தப் பேசிக் கிழிக்கப் போறோம். அந்தக் கருவேலம் அது பாட்டுக்கு நிக்கட்டும். அதுவா வந்து ஒன்னையக் கூப்பிட்டுச்சு?"

இப்படிப் பதினைந்து நிமிஷமாகி, இருபத்தைந்தாகி, ஐப்பசி பிறக்கும்போது நாற்பது நிமிஷமாகிவிட்டது. நாலே முக்காலுக்கு முன்னால் எப்படியும் திறந்துவிடுவாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. குவைத்தில் மருத்துவமனைப் போர்வைகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவள் அப்பா பூமிநாதனுக்கு வெள்ளிக்கிழமையும் ஷிஃப்ட் உண்டு, நம் ஊர் மணிக்கு ஐந்து அடிக்கும்போது தொழிலாளர் முகாம் வாசலில் பஸ் கிளம்பிவிடும்.

அந்த அறையை ஊரில் பார்க்காத ஒரே ஆள் காளீஸ்வரிதான். ஹோஸ்டுக்குக் காத்திருப்பு கிடையாது. அவள் தொட்டால் கூட்டம் திறக்கும், காலியான திரையில் தன் முகம் தெரியும், ஓரத்தில் காத்திருப்போர் பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் 'இருளாயி' என்ற பெயருக்குக் கீழே 'பூமிநாதன் குவைத்' என்ற பெயர் வந்து நிற்பதை நாற்பது நிமிஷமும் பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்பா கிளம்பிப் போகும்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. எட்டு வருஷத்தில் இரண்டு முறை விடுப்பு கிடைத்து இரண்டு முறையும் ரத்தானது. ஒருமுறை நோய் பரவி விமானம் நின்ற வருஷம், இன்னொரு முறை கூடத்தில் ஆள் போதவில்லை என்று. இப்போது தை மாதத்துக்கு இரண்டு மாத விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் பஸ்ஸைத் தவறவிட்டால் விடுப்பு போய்விடும் என்பது விதி. காய்ச்சலில் ஒருநாள், வயிற்றுவலியில் ஒருநாள் என்று இரண்டு ஏற்கெனவே போயிருந்தது.

ஒவ்வொரு வெள்ளியும் கூட்டம் முடிந்ததும் காளீஸ்வரி நோட்டோடு அம்மாவின் முன்னால் உட்காருவாள்.

"அந்த அறை சொவரு என்ன நிறம்மா?"

"சொவர யாரு பாத்தா."

"சன்னல் இருக்கா?"

"வெளிச்சமாத்தான் இருக்கு. அப்ப இருக்கும்."

"வேற யாரும் முன்னாடி இருந்த மாதிரி இருக்கா? சாமான் எதுவும், எழுத்து எதுவும்?"

"ஏண்டி, ஒங்கப்பா மொகத்தப் பாக்கவே எனக்கு நேரம் பத்தல. இதுல எழுத்து வேற வாசிக்கச் சொல்லுறியா?" என்பாள் இருளாயி. அவள் முந்தானையில் சலவைத் தூளும் நீராவியும் கலந்த ஒரு வாசனை இருக்கும், காளீஸ்வரி அதை நோட்டில் எழுதமாட்டாள்.

ஊர் முழுக்கக் கேட்டுக் குறித்த அந்த நோட்டில், சுவர் மஞ்சள் என்று மூன்று பேரும் நீலம் என்று இரண்டு பேரும் சொல்லியிருந்தார்கள். கதவு உண்டு என்றவர்களும் இல்லவே இல்லை என்றவர்களும் இருந்தார்கள். மலைராஜ் மட்டும் வாட்ஸப்பில், "புதுச் சாக்பீஸ் வாசன தங்கச்சி, பள்ளிக்கூடம் தெறந்த அன்னைக்கு வருமே அது" என்று ஒலிச்செய்தி அனுப்பியிருந்தான். அதை அவள் பதினோரு தடவை கேட்டாள்.

கடைசியில் ஒரு கூட்டத்தில், கருவேலத்துக்கும் கம்பிவேலிக்கும் நடுவே, தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த வாரம் ஒரே ஒரு தடவை வேறு யாராவது ஹோஸ்டாக இருக்க முடியுமா என்று கேட்டாள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எந்தத் தெருவுக்கு என்பதுதான் பேச்சு. கூத்தன்கண்மாயில் எதையும் முதலில் வாங்குவது மரியாதை. கோயிலுக்கு மண்குதிரை சுமந்துபோகும் புரவி எடுப்பில் முதல் தட்டு, ஊரணி வெட்டும்போது முதல் கூடை மண், எல்லாம் நாலு தெருவுக்கும் முறை வைத்துச் சுற்றிவரும். இந்த வருஷம் முறை கீழத்தெருவுக்கு. கீழத்தெருவுக்காக வாங்குகிறவர் சாத்தையா. ஆக, காளீஸ்வரியிடமிருந்து ஹோஸ்ட் பொறுப்பை முதலில் வாங்குவது சாத்தையா என்று அரைமணி நேரத்தில் தீர்மானமாயிற்று. அந்தச் சங்கம் அவ்வளவு சீக்கிரம் எதையும் தீர்மானித்ததில்லை.

மூன்று சாயங்காலம் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். காலண்டர் தாளின் முதுகில் ஒன்பது வரி எழுதி, போனை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்கி, ஓசையை நிறுத்துவது, பட்டியலைத் திறப்பது, நாலே முக்காலானதும் 'அனைவரையும் அனுமதி' என்பதைத் தொடுவது வரை. சாத்தையா குளித்துவிட்டு வெள்ளை வேட்டியில் உட்கார்ந்து கேட்டார். மூன்றாவது நாள் ஒத்திகையில் ஒரு தப்பும் இல்லை.

"இம்புட்டுத்தானத்தா?" என்றார்.

"இம்புட்டுத்தான் பெரியப்பா. ஒரு தடவ பட்டியலத் திரும்பத் தெறந்து பாத்துக்கிருங்க."

"நீ பயப்படாத. ஊர்க் காரியம் இது. மரியாதைக்கு ஒரு கொறையும் வராது."

அது ஒன்றைத்தான் அவள் சரிபார்க்காமல் விட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று ஐம்பத்தைந்துக்குக் கூட்டத்தைத் திறந்தாள். சாத்தையாவை மட்டும் உள்ளே விட்டு, ஹோஸ்ட் பொறுப்பை அவர் பெயருக்கு மாற்றினாள். கட்டத்தில் அவர் இரண்டு கையையும் கூப்பி வாங்கிக்கொண்டார். சங்கக் கணக்கில் உள்நுழைந்தபடியே லிங்க்கைத் தொட்டால் காத்திருப்பு வராது, நேரே கூட்டத்துக்குள் போய்விடும் என்பதால் வெளியே வந்து கணக்கை லாகவுட் செய்தாள். பாஸ்வேர்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தாள், இருந்தது, நோட்டை மேசைமேல் வைத்தாள். விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, ஊரில் மற்ற எல்லாரையும்போல லிங்க்கைத் தொட்டாள்.

பெஞ்சு சூடாக இருந்தது. அவள் முதலில் சுவரைப் பார்த்தாள், ஏனென்றால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்து அந்தப் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. சுவர் பாதி வரை வெளிர்ப்பச்சை, மேலே வெள்ளை. உயரத்தில் ஒரு சன்னல். அதன் வழியாக வந்த வெயில் நாலு மணி வெயில்தான், ஆனால் மண்ணில் பட்ட வெயில்போல இல்லாமல், அலசிக் காயப்போட்டதுபோல இருந்தது. ஆணியில் ஒரு குடை. அரைக் காலண்டர். கதவு இருந்தது, இந்தப் பக்கம் தாழ்ப்பாள் இல்லை. சாக்பீஸ் வாசனை வந்தது, அதற்குப் பின்னாலேயே சலவைத்தூள் வாசனையும் வந்தது.

"ஏத்தா," என்றார் பூமிநாதன்.

அவள் திரும்பினாள். போனில் பார்த்த முகம்தான். ஆனால் அந்த முகத்துக்குக் கீழே ஒரு கழுத்து இருந்தது, தோள் இருந்தது, மடிப்புக் கலையாத சட்டை இருந்தது, முழங்காலில் வைத்த இரண்டு கை இருந்தது. கைத்தோல் வெந்நீரில் ஊறி ஊறி வெளுத்துப் போயிருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவள் செருப்பில்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரி பாப்பம்," என்றார்.

எழுந்து நின்றாள். அவரும் எழுந்து, பக்கத்தில் நின்று, உள்ளங்கையைத் தட்டையாக அவள் உச்சந்தலையில் வைத்து, அப்படியே நகர்த்தித் தன் முகத்துக்குக் கொண்டுவந்தார். கை காதுக்கு மேல் நின்றது.

"நான் போறப்ப இங்கன இருந்த," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இப்ப எங்க வந்து நிக்கிறா பாரு."

"நான்தான் சொன்னேன்ல, என்னையத் தாண்டிட்டான்னு," என்றாள் இருளாயி, தூக்குவாளியைத் திறந்துகொண்டே.

"சொன்ன. போன்ல எல்லாரும் ஒரே ஒசரந்தான இருக்கீக."

மலைராஜ் மாவுக் கையைத் தூக்கி, "சித்தப்பா, அவ நோட்டுல எழுதிக்கிறப் போறா, சரியா அளந்து சொல்லுங்க," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நோட்டு கையில் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரிலேயே அந்த அறைக்கு வெறுங்கையோடு வந்தவள் அவள் ஒருத்திதான். அப்பா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வாளியிலிருந்து முதல் கவளத்தைப் பிசைந்து, தான் வாயில் போடாமல் அவளுக்கு நீட்டினார். இருபத்திரண்டு வயதுக்காரி, பதினாறு பேர் முன்னால், வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

நாலேகால் ஆயிற்று. நாலரை ஆயிற்று. பேசவேண்டும் என்று எட்டு வருஷமாக இருந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை போர்வை வரும் என்று கேட்டாள். அவர் சொன்னார். ரத்தக்கறை போவதற்கு என்ன போடுவார்கள் என்று கேட்டாள். அதையும் சொன்னார். இரண்டு பேருக்கும் அதுவே போதுமாக இருந்தது. நாலே முக்கால் ஆனபோது வழக்கம்போல எல்லாரும் வாளிகளை மூடி, முகத்தைத் துடைத்து, கூட்டத்துக்கான முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு காளீஸ்வரி சாத்தையாவைப் போனில் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அவள்தான் ஓசையை நிறுத்தச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"அவுக எடுக்கமாட்டாகத்தா," என்றாள் குருவம்மாள்.

"ஏன் பெரியம்மா?"

"முதல் மரியாதையில்ல வாங்கியிருக்காக. வாங்கினத யாரு ஒடனே பொழங்குவா? சாமி அலமாரில வச்சு, குங்குமம் போட்டு, கதவச் சாத்திட்டுப் படுத்திருப்பாக. வெளக்கு வச்சப் பொறவுதான் தொடுவாக."

அதில் ஒரு தப்பும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தட்டுத் தேங்காயை வாங்கிய கையோடு உடைத்துத் தின்கிறவன் எவன்? காளீஸ்வரி பிறந்ததிலிருந்து ஒவ்வொரு புரவி எடுப்பிலும் அதைப் பார்த்திருக்கிறாள். ஒன்பது வரி எழுதும்போது பத்தாவதாக அதைச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. ஆறு மணிக்கு விளக்கேற்றி, குங்குமம் படிந்த போனைக் கண்ணில் ஒற்றி எடுத்த சாத்தையா, வெறும் கட்டமாகத் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டாராம். ஆனால் அது ஆறு மணிக்கு. இப்போது நாலு நாற்பத்தேழு.

"ஒங்களுக்கு பஸ்ஸுப்பா," என்றாள்.

"போனாப் போவுது விடு. இங்கயே இருந்துட்டுப் போறேன்," என்றார் அவர். சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் மூடிய வாளியை இருளாயி மறுபடி திறந்தாள், அதைப் பார்த்தபோது, அவர்கள் இரண்டு பேரும் ஒருகணம் அதை நிஜமாகவே நினைத்துப் பார்க்கிறார்கள் என்று காளீஸ்வரிக்குத் தெரிந்தது.

கதவைத் திறக்க ஒரு வழிதான். கணக்கின் சொந்தக்காரியாக உள்நுழைந்தால் காத்திருக்க வேண்டாம். உள்ளே போய், கொடுத்த பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்ட் நோட்டில், நோட்டு மேசையில். நினைவிலிருந்து போட்டுப் பார்த்தாள். தவறு என்றது. பெரிய எழுத்தை மாற்றிப் போட்டாள். தவறு. மூன்றாவதும் தவறிய பிறகு, பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பலாமா என்று கேட்டது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது: நாற்பத்தேழு. அது அவள் எண் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கணக்கைத் தொடங்கிய நாளை நினைத்துப் பார்த்தாள். தொலைபேசி எண் என்று ஒரு கட்டம் கேட்டது. பள்ளிக்கூட விண்ணப்பத்திலிருந்து கல்லூரி உதவித்தொகை வரை எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டத்தில் எதை எழுதினாளோ அதையே யோசிக்காமல் எழுதியிருந்தாள்.

"அப்பா, நம்ம ஊரு நம்பர் இன்னும் வச்சிருக்கீகளா?"

"பேங்க்கு மெசேஜ் வர்றதுக்கு வச்சிருக்கேன். ஏன்?"

அனுப்பு என்பதைத் தொட்டாள். விரலைத் துடைக்க மறந்துபோயிருந்தது. பூமிநாதன் போனைக் கையில் ஏந்திக்கொண்டு காத்திருந்தார், பதினாறு பேரும் அந்தப் போனைப் பார்த்தார்கள். எந்த நாட்டு டவரிலிருந்து அந்த அறைக்குச் செய்தி வரும் என்று அந்த அவசரத்திலும் அவளுக்கு அறிந்துகொள்ள ஆசையாக இருந்தது. நாலு ஐம்பதுக்குப் போன் அதிர்ந்தது.

கண்ணாடி முகாமில் இருந்ததால் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"நாலு."

போட்டாள்.

"சைபர். ஏழு. இன்னொரு ஏழு."

போட்டாள்.

"ஒண்ணு."

போட்டாள். அவர் நிறுத்திவிட்டார்.

"இன்னொண்ணு இருக்குப்பா."

"தெரியிதுத்தா," என்றார். சொல்லவில்லை. போனைப் பிடித்த கை கொஞ்சம் இறங்கியது.

யாரும் அவசரப்படுத்தவில்லை. ஜொகூரில் கல் காய்ந்துகொண்டிருக்க, கையில் மாவு பிளந்து உதிர்ந்துகொண்டிருக்க, மலைராஜ், "மெதுவாச் சொல்லுங்க சித்தப்பா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றான். இருளாயி புருஷனைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் நகரவே இல்லை.

காளீஸ்வரி அவர் தோளை ஒட்டி நின்றிருந்தாள். எட்டு வருஷத்துக்கு முந்தைய உயரம் என்றால் எட்டிப் பார்க்க முடிந்திருக்காது. இப்போது நின்ற இடத்திலிருந்தே அவர் போன் தெளிவாகத் தெரிந்தது, ஆறாவது இலக்கம் மூன்று, அவர் முதல் இலக்கத்தை வாசிக்கும்போதே அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தாள். அவர் சொல்லட்டும் என்று இருந்தாள். அவர் சொல்லமாட்டார் என்பது இப்போது புரிந்தது. நாலு ஐம்பத்திரண்டு. அவளும் சும்மா நின்றால் போதும். ஒருவரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். இந்த அறையில் இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கும், தை மாதம் போய்விடும்.

"பெரியம்மா," என்றாள் குருவம்மாளிடம். "பெரியப்பாட்ட குடுத்தத நானே திருப்பி எடுத்துக்கிறணும். மரியாதையப் பறிச்ச மாதிரி ஆயிரும்."

"எடுத்துக்க. வீட்ல நான் பாத்துக்கிறேன்."

பிறகு அப்பாவிடம், "தை மாசம் வாங்கப்பா," என்றாள். அவர் தலையை ஆட்டினாரா என்று பார்க்கவில்லை. பார்த்தால் விரல் நின்றுவிடும். மூன்றைத் தொட்டாள்.

வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் நோட்டு, பக்கத்தில் நாற்காலி, அவள் அதில் உட்கார்ந்திருந்தாள். திரையில் சாத்தையாவின் கட்டத்தில் சாமி அலமாரியின் மேல்தட்டும் ஊதுபத்திப் புகையும் தெரிந்தன. 'ஹோஸ்ட் பொறுப்பைத் திரும்பப் பெறு' என்று இருந்ததைத் தொட்டாள். பட்டியல் திறந்தது, பதினாறு பெயர். முதலில் அப்பாவின் பெயருக்கு எதிரே இருந்த 'அனுமதி'யைத் தொட்டாள், பிறகுதான் மற்றவர்களைத் தொட்டாள்.

கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. பூமிநாதனின் கட்டத்தில் அடுக்குக் கட்டிலின் இரும்புக் கால் சாய்வாகத் தெரிந்தது. போனைப் படுக்கையில் போட்டுவிட்டு எழுந்துவிட்டிருந்தார். ஒலி நிறுத்தியிருந்தது. எங்கோ பஸ் ஹாரன் அடித்திருக்க வேண்டும், அறைவாசல் பக்கம் திரும்பி ஒற்றைக்காலில் நின்று செருப்பை மாட்டினார், கதவைத் திறந்தார், வெளியே ஒருவன் வா வா என்று கையைக் காட்டினான். ஓடப்போனவர் வாசலில் நின்றார். அந்த ஆளிடம் என்னவோ சொன்னார். அவன் புரியாமல் பார்த்தான். பூமிநாதன் உள்ளங்கையைத் தட்டையாக விரித்துத் தன் காதுக்கு மேலே வைத்து, இவ்வளவு, என்று காட்டினார். பிறகு, போதவில்லை என்பதுபோல, கையை இன்னும் ஒரு விரற்கடை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடினார்.